ஜைனம்புவுக்கும் அவள்தான் அம்மா

அம்பர்நாத்தில் எங்கள் வீட்டு வாசலில் மீரான் மாமா வந்து நின்றபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வேலை நாளில் தாராவியை விட்டு அவர் வந்ததே இல்லை. "ஒங்கம்மா போயிட்டாவம்மா" என்றார். நான் கேட்ட முதல் கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"ஜைனம்புதாம்மா."

தாராவியில் அம்மாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் ஜைனம்புவைத் தெரியும். மீரான் மாமாவின் மகள். பிறந்த வாரமே தாயை இழந்தவள். தோல் பட்டறைக்குப் போகிற மனிதர் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அடுத்த வீட்டிலிருந்த அம்மா வாங்கிக்கொண்டாள். என் தம்பி பால் குடித்துக்கொண்டிருந்த சமயம், இருவருக்கும் கொடுத்தாள். எனக்கு அப்போது நான்கு வயது. தம்பிமேல் வராத கோபம் எனக்கு அவள்மேல் வந்தது.

பள்ளிக்கூடம் போகும் வயதில் அது வளர்ந்தது. காலையில் குழாயடியிலிருந்து திரும்பியதும் அம்மா எங்களுக்குத் தலை பின்னுவாள். முதலில் ஜைனம்பு. சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, நிதானமாகப் பின்னுவாள். என் முறை வரும்போது நேரமாகிவிடும். எனக்கு எப்போதும் அவசரப் பின்னல்தான்.

சீனச் சண்டை நடந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் அவளைச் சந்தில் மறித்துச் சொன்னேன்: "அது எங்கம்மா. நீ மாமின்னு கூப்பிடு." மறுநாள் அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று "மாமி" என்றாள். அம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டு எழுந்து போய், அவளை இழுத்து உள்ளே உட்காரவைத்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவே இல்லை.

"ஒனக்கு அவதான் பெருசு" என்று நான் அழுதேன்.

"நீ கோவிச்சா இங்கனயேதான் மூஞ்சியத் தூக்கிட்டுக் கெடப்ப. அவ கோவிச்சா எங்கட்டி போவா?" என்றாள் அம்மா. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா மஞ்சள்காமாலையில் படுத்த சேதியே, கல்யாணமாகி அம்பர்நாத்தில் இருந்த எனக்கு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவேன் என்று தடுத்திருக்கிறாள். இருபது நாள் ஜைனம்புதான் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்துப் பார்த்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்ததும் அவளைத்தான் கேட்டேன், "கடைசியா என்ன சொன்னா?"

"ஒன் பேரத்தான்க்கா சொன்னாவ."

காரியம் முடிந்த பிறகு அப்பா சொன்னார், கடைசி இரண்டு நாளும் அம்மாவுக்குப் பேச்சே இல்லையாம். பதினைந்து வயதுப் பெண் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் அம்மா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவள் பெற்ற எனக்கு அந்தக் குணம் வரவில்லை. இவளுக்கு வந்திருக்கிறது.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஜைனம்புவை அம்பர்நாத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன். "இந்தத் தடவை பொய் சொல்லாமச் சொல்லு" என்றேன். மத்தியானங்களில் அந்த இருபது நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அம்மா எழுந்து உட்கார்ந்தது, கஞ்சியில் உப்பில்லை என்று கோபித்தது, எதற்கோ சிரித்தது. அவள் "அம்மா" என்று சொல்லும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு எரிகிறது. திருத்துவதில்லை.

நேற்று அவள் பதினோராம் நாளைச் சொல்லி முடித்தாள். அதோடு போதும் என்று நானே நிறுத்திவிட்டேன். நான் கேட்காத ஒன்பது நாட்கள் இன்னும் அவளிடம் இருக்கின்றன. அவ்வளவு அம்மா எனக்கு மிச்சம் இருக்கிறாள்.