சித்திரை மாதத்துப் படம்

எனக்கு மேகத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். கரிசல் விவசாயி வீட்டில் பிறந்தவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் கோவில்பட்டியில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊர் எவ்வளவு பரவியிருக்கிறது, நிலம் எப்படி மாறியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நிறம் பிரிப்பது என் வேலை. வீடு சிவப்பு, பயிர் பச்சை, தரிசு மஞ்சள். மேகம் வந்தால் அடியில் இருப்பது தெரியாது. ஐப்பசி, கார்த்திகைப் படங்களில் பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டியதுபோல ஒரே வெள்ளை. கெடு நெருங்கிவிட்டது. சித்திரைப் படத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதை வைத்தே வரைபடத்தை முடித்து அலுவலகத்துக்கு அனுப்பிக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். புறவழிச்சாலை, புது மனைகள், எல்லாம் சரி. கழுகுமலைச் சாலையில் எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் படத்தை நகர்த்திப் போகவில்லை. தெரிந்தேதான் போகவில்லை.

அண்ணன் போன் செய்தான். "ஏட்டி, சோலார் கம்பெனிக்காரவிய சாட்டிலைட் படம் வச்சிக்கிட்டு வந்திருக்காவ. நம்ம புஞ்சை பூராவும் மஞ்சளாக் கெடக்கு, தரிசாம். சும்மா கெடக்குற நெலந்தானே, குடுங்கன்னு கேக்காவ. நாளைக்குக் காலையில கூட்டம். பாதிப் பேரு கையெழுத்துப் போட ரெடியா நிக்காவ. நீ படிச்சவ, வந்து கேளு."

மறுநாள் பஸ்ஸில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். நிறுத்தத்தில் அண்ணன் காத்திருந்தான்.

"எவன் போட்ட படம்னு கேளு. விடாத."

"நான்தாண்ணே போட்டேன்."

இந்த ஒன்றைத் தவிர செயற்கைக்கோள் படம் எதையும் அண்ணன் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்டான்.

"எந்த மாசத்துப் படம்?"

"சித்திரை."

"சித்திரையில இங்கன என்னட்டி நிக்கும்?"

அலுவலகத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. மழையை நம்பி விதைக்கிற மண்ணில் பயிர் முளைத்து எழும் நாளில் மேலே மேகமும் இருக்கும். இது எனக்குத் தெரியாதா என்ன?

"திட்டுண்ணே."

"திட்டுனா மஞ்சள் பச்சையாயிருமா? இத அங்கன வந்து சொல்லு."

"நான்தான் போட்டேன்னுமா?"

"மொதல்ல அதச் சொல்லு" என்றுவிட்டு முன்னால் நடந்தான்.

ஊரே உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்காரர் மேசைமேல் என் வரைபடம் விரிந்து கிடந்தது. அதைப் போட்டது நான்தான் என்று முதலில் சொன்னேன்; சித்திரையில் எடுத்த படம் என்று அடுத்துச் சொன்னேன். கையெழுத்துப் போடக் குனிந்திருந்த ஒருவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.