பெரிய முதலாளியின் வாயைக் கட்டிய சோக்

ஹாம் ரேடியோவில் பேச லைசென்ஸ் எடுத்த புதிதில் எல்லாரும் ஆன்டெனாவைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அதிலிருந்து இறங்கி வரும் கேபிளை ஒருவரும் மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் மாடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கீழே பெண்கள் குச்சி அடைப்பார்கள். மொட்டை மாடியில் டைபோல் ஆன்டெனா கட்டி, அதன் கோஆக்ஸ் கேபிளைச் சுவரோடு இறக்கியிருந்தேன். கீழே பாட்டுப் போடும் ஸ்பீக்கரின் வயரும் அதே ஆணிகளில்தான் தொங்கியது.

ஒருநாள் ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது மைக் உதட்டில் பட்டுச் சுரீரென்றது. கேபிளின் வெளி ஷீல்டு வழியாக ஆர்எஃப், அதாவது ஆன்டெனாவுக்குப் போகவேண்டிய ரேடியோ கரண்ட், இறங்கி வருகிறது என்று புரிந்தது. கீழே போய்ப் பார்த்தால் பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுவே என் பேச்சு குழறிக் குழறி வந்திருக்கிறது. இப்போதைய முதலாளியின் அப்பா, காலமாகிவிட்ட பெரிய முதலாளி, எப்போதும் வெற்றிலையை அதக்கிக்கொண்டே பேசுகிறவராம். அவர்தான் வந்துவிட்டாராம்.

அடுத்தவர் ஸ்பீக்கரில் நுழைந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. உடனே ஆன்டெனாவின் நடுவில், கேபிள் சேரும் இடத்தில், அந்தக் கேபிளையே பிவிசி குழாயில் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டினேன். இந்தச் சுருள்தான் சோக், முழுப்பெயர் சோக் பாலன். ஷீல்டின் வெளிப்பக்கம் இறங்கும் கரண்டை மறித்துவிடும். அதன்பிறகு ஸ்பீக்கரில் பாட்டு மட்டுமே வந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் குச்சி அடைக்கும் மாரியம்மாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"அண்ணாச்சி, மேல என்னத்தயோ சுத்தி வச்சிருக்கியளாமே. அத அவுத்துருங்க."

"எதுக்கும்மா?"

"மொதலாளி குச்சி அடைக்கிற மெஷின் வாங்கப் போறாவளாம். வாங்கிட்டா எங்களுக்கு வேலை கெடையாது. வெள்ளிக்கெழம பூசையில அப்பாட்ட கேட்டுட்டு முடிவு சொல்லுவாவ. பெரியவரு பேசலைன்னா சம்மதம்னு அர்த்தமாம்."

"பேசுனது நாந்தாம்மா."

"அது தெரியும் அண்ணாச்சி. பெரியவரு உசுரோட இருக்கையில இம்புட்டு நேரம் திட்டாமப் பேசுனதே இல்ல."

லைசென்ஸ் பயம் ஒரு பக்கம், இத்தனை பேர் பிழைப்பு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை சோக்கை அவிழ்த்துவிட்டேன். அன்று பார்த்து எனக்குக் கடும் ஜலதோஷம். கீழே பூசை மணி கேட்டதும் ரேடியோவில் மதுரை நண்பரைக் கூப்பிட்டு, "மெஷின் வேண்டாம்" என்றேன். குழறலில் ஒரு சொல்லும் விளங்காது என்று தெரியும். இருந்தாலும் மனது கேட்கவில்லை.

"என்ன மெஷின்? நான் எப்பங்க உங்ககிட்ட மெஷின் கேட்டேன்?" என்றார் அவர்.

உதட்டில் சுரீர் சுரீரென்று அடிக்க, மறுபடியும் சொன்னேன். நடுவில் இரண்டு தும்மல்.

சாயங்காலம் முதலாளி வந்தார். ஜன்னலுக்கு வெளியே அவிழ்ந்து தொங்கும் கேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பா வேண்டாம்னுட்டாவ வே. மச்சினன் மெஷின் மெஷின்னு உசுர வாங்குதான். நான் சொன்னா கேக்க மாட்டான், அப்பா சொன்னா கேப்பான்."

போகிற போக்கில் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"அப்பாவுக்குச் சளி புடிச்சிருக்கு போல. சுக்கும் மிளகும் இருக்கு. நீரு போட்டுக் குடியும்."

ஆகவே தம்பிகளே, சோக் இல்லாமல் கேபிளை இறக்காதீர்கள். ஆனால் சுருளின் இரண்டு முனையிலும் கழற்றி மாட்டும் கனெக்டர் வைத்துச் சுற்றுங்கள். நான் அந்த வாரமே அப்படி மாற்றிவிட்டேன். முதலாளியின் மச்சினன் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைக் கழற்ற வேண்டியிருந்தது.