பாரத்தோடு நின்ற வண்டி

எங்கள் பிக்கப் என்னைவிட வயதில் மூத்தது. முசிறியிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த காலம்வரை பாரம் தாங்க அதன் பழைய வில்பட்டைகளே போதுமாயிருந்தன. வாழை வியாபாரி சொந்தமாக வண்டி வாங்கிக்கொண்ட பிறகு, திருவானைக்காவலில் ஒரு பட்டறையில் செய்யும் இரும்புக் கேட்டுகளை மன்னார்புரத்துக் கடையொன்றில் இறக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. முதல் நடையிலேயே வண்டியின் பின்புறம் உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம் விட்டு, பின் ஆக்சிலைத் தடித்த ஒன்றாக மாற்றினார், வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கில் மேலும் சில சேர்த்தார், பிரேக்கையும் புதுப்பித்தார். வீட்டுக்கு வந்த வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். அவர் மகிழ்ச்சியைக் காட்டும் விதம் அவ்வளவுதான்.

காலையில் நாங்கள் மூவரும் அதே வண்டியில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டிப் போவோம். அம்மா தில்லை நகர்க் கிளினிக் ஒன்றில் டோக்கன் கொடுப்பவர். நடுவில் அம்மா, சன்னலோரம் கல்லூரிக்குப் போகும் நான். அவர்கள் இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்வது அந்தப் பயணத்தில் மட்டுமே. எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவந்துதான் அப்பா சரக்கு ஏற்றுவார். முந்தைய மாலையே ஏற்றிவைக்க மாட்டார். இரவெல்லாம் பாரத்தோடு நின்றால் பட்டை தளர்ந்துவிடும் என்பது அவருடைய மாறாத விதி.

புதிய பட்டைகளோடு காலி வண்டி உதைத்தது. பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் அம்மா டேஷ்போர்டைப் பற்றிக்கொண்டு இருக்கையிலிருந்து சற்றே எழும்புவதைக் கண்டேன். ஏற்கெனவே இடுப்பு வலி உள்ளவர். சில நாட்களில், டூட்டி நேரம் மாறிவிட்டது என்று சொல்லி பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

அம்மா இல்லாத ஒரு காலை, பாலத்தின் நடுவே அப்பா சொன்னார்: "டாக்டருங்க கார்ல வந்து இறங்குற இடம். இந்த வண்டியில போய் இறங்க அவளுக்குக் கூச்சமாத்தான் இருக்கும். வேணும்னா தெருமுனையிலயே விட்டுடறேன்னு சொல்லும்மா."

பிறர் பேச்சில் குறுக்கிடும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு அவரை விட்டுவிட முடியவில்லை.

"கூச்சமில்லப்பா. காலி வண்டி தூக்கிப் போடுது. அம்மாவுக்கு இடுப்பு தாங்கல. நீங்க இவ்வளவு செலவு பண்ணிட்டு சந்தோஷமா வந்து நின்னீங்க, அதான் அம்மா சொல்லல."

வண்டி நேராக மெக்கானிக்கிடம் போய் நின்றது.

"ரெண்டு பட்டையைக் கழட்டிடுங்க."

"கழட்டிட்டு இரும்பை எதுல ஏத்துவீங்க, தலையிலயா?" மெக்கானிக் சிரித்தார். "காலியா போனா குதிக்கத்தான் செய்யும். பாரம் இருந்தா கம்முனு போகும். வண்டிய லோடுக்குன்னு கேட்டீங்களா, வீட்டம்மாவுக்குன்னு கேட்டீங்களா?"

"ரெண்டுக்கும்தாங்க" என்றார் அப்பா, சிரிக்காமல்.

அன்று இரவு அம்மா தூங்கிய பிறகுதான் அவர் சரக்கோடு வீடு திரும்பினார். வாசலில் ஜாக்கி வைத்து வண்டியின் பின்புறத்தை உயர்த்தி, சட்டத்துக்கு அடியில் இருபுறமும் மரக்கட்டைகளைச் செருகி, பாரம் பட்டைகளின்மேல் இறங்காதபடி நிறுத்தினார். மறுநாள் அதிகாலையில் கட்டைகளை எடுக்க அவர் மீண்டும் ஜாக்கியோடு குனிந்திருக்க, அம்மா வாசலுக்கு வந்தார்.

"என்னங்க இது, பாரத்தோட நிறுத்தியிருக்கீங்க? பட்டை போயிடும்னு நீங்கதானே உசிரை விடுவீங்க?"

"கட்டை குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகாது. இன்னைக்கு பஸ் வேணாம், ஏறு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

பாலத்தின் முதல் இணைப்பு வந்தபோது அம்மாவின் கைகள் பழக்கத்தில் டேஷ்போர்டுக்குப் போயின. வண்டி மெல்ல அமிழ்ந்து எழுந்தது. இரண்டாவது இணைப்பும் கடந்தது. மூன்றாவதற்குள் அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பா அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"எங்க நிறுத்தணும்? தெருமுனையிலயா?"

"ஏன், வாசலுக்கு என்ன கேடு? அங்கேருந்து யாரு நடக்கறது?" என்றார் அம்மா. பிறகு, விட்டுப்போன நாட்களின் கிளினிக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.