தங்கப் பல்லியும் சைக்கிள் கடையும்

போன வெள்ளிக்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது என் இடது தோளில் ஒரு பல்லி விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓடி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. அதன் வேலை முடிந்தது. எனக்குத்தான் வேலை ஆரம்பித்தது.

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே, நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் அளக்கும் ஆழாக்கிலிருந்து பஞ்சாங்கம் வரைக்கும் எதையும் லேசில் நம்புகிறவனில்லை. சாமி உண்டு என்று ஒருவர் அடித்துச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். இல்லை என்று அடித்துச் சொன்னாலும்... வரும். இப்படிப்பட்டவன் பல்லி விழுந்ததும் என்ன செய்தேன்? அதைச் சொல்வதற்கு முன்னால் முத்துலிங்கத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

முத்துலிங்கம் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கறுப்புச் சட்டைக்காரர். (பெயரில் பாதியை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற வழியில்லை. தங்கப் பல்லி காஞ்சிபுரத்தில்தானே இருக்கிறது?)

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். படியேறி, கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டால் பல்லி விழுந்த தோஷம் போய்விடும் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். அதைக் கிண்டல் செய்யாமல் முத்துலிங்கம் ஒரு கூட்டத்திலும் மேடையை விட்டு இறங்கியதில்லை. "கால் வழுக்கி வுழுந்த பல்லிக்கு நீ ஏன்பா பயப்படுறே? அது உன்னைப் பாத்து பயந்துக்கினு ஓடுது" என்பார். ஜனம் கைதட்டும். அதே ஜனம் மறுநாள் கோயிலுக்கும் போகும். "பேர்லயே லிங்கம் இருக்குதே?" என்று யாராவது மடக்கினால், "அது எங்கப்பன் பண்ண தப்பு" என்று முடித்துவிடுவார்.

அவர் மனைவி சரோஜா நேர் எதிர். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம், கோயில் வாசலை மட்டும் மிதிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "நான் மேடையில பேசிக்கினு இருக்கிறப்ப, உன் பொண்டாட்டியக் கோயில்ல பாத்தேன்னு எவனாவது சொன்னா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?" என்பது முத்துலிங்கத்தின் வாதம். அந்த அம்மாளும் இத்தனை வருஷமாக மீறியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். 'சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் படுக்கை வேறு ஆளுக்குப் போய்விடும், இதற்கு மேல் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புறப்படுகிற நாள், உச்சிவேளை. வாசலில் ரிக்‌ஷா நிற்கிறது. பெட்டியை ஏற்றியாகிவிட்டது. சரோஜா கதவைப் பூட்டக் குனிந்தாள். நிலைக்கு மேலிருந்து நேராக உச்சந்தலையில் விழுந்தது... பல்லி.

தலைக்கு நேரே பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் பலன் மரணம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சரோஜா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரலை."

"சரோஜா, இன்னாமா இது? பஸ்ஸு போயிடும்."

"போவட்டும். கோயிலுக்குப் போயி தொட்டுட்டுத்தான் வருவேன்."

கோயில் நடை சாத்தியாகிவிட்டது. இனி சாயங்காலம்தான் திறப்பார்கள். அதுவரை காத்திருந்தால் ஆஸ்பத்திரி படுக்கை போய்விடும். முத்துலிங்கம் கெஞ்சினார், அதட்டினார், மேடையில் பேசுவதையெல்லாம் படியில் பேசிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். அந்த முகத்தில் இருந்தது பிடிவாதமில்லை, உயிர்ப்பயம்.

நெசவாளர் தெருவாயிற்றே, ஒவ்வொரு தறியாக ஓசை நின்றது. ஜனம் கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள்தான் வழி சொன்னாள்: "தொட்டவங்களத் தொட்டாலும் தோஷம் போயிடும்மா. யாராச்சும் தொட்டவங்க கைய வந்து புடிச்சிக்கோ."

இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பரிகாரம்தான். ஆனால் அப்போதுதான் எங்கள் தெருவின் வண்டவாளம் வெளியே வந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே நின்ற ஒருவர்கூடப் பல்லியைத் தொட்டதே இல்லை! "கோயில் எங்க போயிடப் போவுது, பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்றார் ஒருவர். "போனேன், கூட்டமா இருந்துச்சி, வந்துட்டேன்" என்றார் இன்னொருவர். நிச்சயமாகத் தொட்டவள் ஒருத்திதான். அவள் அன்றைக்குப் பக்கத்து ஊரான தாமலுக்குப் போயிருந்தாள்.

சரோஜா என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க தொட்டிருக்கீங்களா?"

ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். பல்லியிலும் தோஷத்திலும் நம்பிக்கை இல்லாத எனக்கு அதில் என்ன கஷ்டம்? ஆனால் வாய் வரவில்லை. நான் தொட்டேன் என்று சொல்லி, அங்கே ஆபரேஷன் மேஜையில் ஏதாவது ஆகிவிட்டால்...? நம்பாதவனுக்கு ஏன் இந்தப் பயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"இல்லைம்மா" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "நான் தொட்டிருக்கேன்."

முத்துலிங்கம்! கறுப்புச் சட்டையோடு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "சின்ன வயசுல. எங்கம்மா தூக்கிக்கினு போயி தொட வெச்சாங்க. ரெண்டு பல்லியும்."

யாரும் சிரிக்கவில்லை. சரோஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எழுந்து ரிக்‌ஷாவில் ஏறினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரோஜா பிழைத்து வந்தாள். முத்துலிங்கம்தான் மாட்டிக்கொண்டார்.

'சாகக் கிடந்தவளையே காப்பாற்றிய கை' என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. யார் மேல் பல்லி விழுந்தாலும் நேரே சைக்கிள் கடைதான். திருப்புட்குழி மாதிரி வெளியூர்களிலிருந்துகூட வருகிறார்கள். "போங்கம்மா, வேலை இருக்குது" என்று விரட்டிப் பார்த்தார். அவர் விரட்டும்போதே கையைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் தொடவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே? சொன்னால் அன்றைக்கே சரோஜா காதுக்குப் போய்விடும். அதனால் மனுஷர் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறார். மேடையில் இப்போது பல்லிப் பேச்சையே எடுப்பதில்லை.

எனக்குச் சந்தேகம் பொறுக்கவில்லை. ஒருநாள் சரோஜாவிடமே கேட்டுவிட்டேன். "அவர் நிஜமாகவே தொட்டிருக்காராம்மா?"

அவள் சிரித்தாள். "அவராவது, தொடறதாவது! படி மேல ஏத்துனதும் பல்லியப் பாத்துட்டுக் கத்திக்கினு கீழ ஓடியாந்துட்டாராம். எங்க மாமியார் சொல்லியிருக்காங்க. இன்னிக்கும் வூட்டுல பல்லி வந்தா நான்தான் வெரட்டணும்ணா."

"அப்புறம் எப்படிம்மா ரிக்‌ஷாவில் ஏறினே?"

"அவரு கொள்கைய யாருக்காகவும் வுட்டுக் குடுத்ததில்ல. பெத்த அம்மா சாவுக்குக்கூட திருநீறு பூசல. அந்த மனுசன் தெருவே பாக்க எனக்காகப் பொய் சொன்னாரு. அதுக்கப்புறம் செத்தாத்தான் இன்னான்னு ஏறிட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், வருத்தப்படுவாரு" என்றாள்.

சொல்லவில்லை. இங்கே எழுதலாம், பயமில்லை. அட்டையில் சாமி படம் போடுகிறோம் என்று முத்துலிங்கம் இந்தப் பத்திரிகையைத் தொடமாட்டார்.

பொய் என்று தெரிந்தே ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயிரைப் பணயம் வைப்பது அறிவா, மயக்கமா? பல்லியை நம்புவது மூடத்தனம் என்றால், புருஷன் பொய்யை நம்பியதற்கு என்ன பெயர்? வழக்கம்போல எனக்குச் சரோஜா மேலும் ஒரு சந்தேகம்: உள்ளுக்குள், ஒருவேளை தொட்டிருப்பாரோ என்றும் அவள் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

சரி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எல்லா உண்மையும் தெரிந்த நான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முத்துலிங்கம் கடைக்குப் போய், காற்று அடிக்க வேண்டும் என்றேன். அவர் டயரை அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துணியை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடியே கேட்டார்:

"எந்தப் பக்கம் சார் வுழுந்துச்சி?"