இடுப்பில் கட்டிய துண்டு

பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலே தூங்கிவிடுவேன். விழாமலிருக்க என் கணவர் துண்டால் என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். ஒருநாள் மயிலம் போகும்போது தூக்கத்தில் நான் சாய, வண்டியும் சாய்ந்தது. சாலையோரம் கடலையைப் பறித்துவிட்டுக் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கொடிமேல் விழுந்ததால் இருவரும் பிழைத்தோம்.

குறட்டைக்கு நடுவே எனக்கு மூச்சு நின்றுபோவதால்தான் பகலில் இப்படித் தூக்கம் என்று பரிசோதித்துச் சொன்ன விழுப்புரம் டாக்டர், தூங்கும்போது மாட்டிக்கொள்ள மாஸ்க் வைத்த மெஷின் எழுதிக்கொடுத்தார்.

"பொம்பள குறட்டை விடுறத ஊருக்கே காட்டிக்கினு இருக்கணுமா? சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு அந்த மெஷின எடுத்துக்கினு வராத" என்றார் மாமியார்.

"உங்க புள்ளையுந்தான் குறட்டை விடுறாரு. எனக்கு மூச்சு வேணும் அத்தை" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின இரவு திண்டிவனம் மண்டபத்தில் உறவுப் பெண்கள் எல்லோர் நடுவிலும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் படுத்தேன். மறுநாள் பைக்கில் விழித்தபடியே வீடு வந்தேன்.

அந்தத் துண்டு இப்போது மாஸ்க் துடைக்கிற துணி.