டப்பாவோடு ஒரு லீவு

தாராவியில் ஒரு டிரஸ்டின் இளைஞர் மையத்தில் வேலை செய்கிறவன் நான். தலைமுடி அங்கேயேதான் நரைத்தது. போன வருடம் எங்கள் டிரஸ்டில் கூப்பிட்டு, ஆறு மாதம் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், படியுங்கள், யோசியுங்கள், புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். சம்பளத்தோடு லீவு. வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? மையத்துப் பிள்ளைகள் கேக் வெட்டி, மாலை போட்டு, ரிட்டையர் ஆகிறவனை அனுப்புவது போல அனுப்பிவைத்தார்கள்.

சிக்கல் செம்பூரில், வீட்டில் இருந்தது. அப்பா அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்டாஃப் பஸ் அவரை விட்டுவிட்டுப் போனதாகச் சரித்திரமே கிடையாது. காய்ச்சல், கல்யாணம், சாவு, இவற்றைத் தவிர வேறு எதற்கும் மனுஷன் லீவு போடுவான் என்பது அவர் புத்தியில் ஏறாது. சாப்பிடும்போது பூசி மெழுகி ஆரம்பித்தேன். எங்கள் ஆபீஸில் சிலருக்கு யோசிப்பதற்காகவே லீவு தருகிறார்கள் என்றேன். மோர் சாதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“யோசிக்கறதுக்கு லீவா? நீ வேண்டாம்னு அனுப்பறதை மரியாதையா அப்படிச் சொல்லுவா.”

அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று சொல்லாமலே கை கழுவ எழுந்தேன். மறுநாள் காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வழக்கமான நேரத்துக்கு வாசலில் நின்றேன். மனைவிக்கு விஷயம் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். ஐம்பதைத் தாண்டியவன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பிள்ளை மாதிரி படியிறங்கினேன்.

மாட்டுங்காவில் மேம்பாலத்துக்கு அடியில் நீளமாக ஒரு தோட்டம் இருக்கிறது. தலைக்கு மேலே வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் மாட்டுங்கா முழுக்க இருக்கிறார்கள், ஆனால் வேலை நாளில் யாரும் பாலத்துக்கு அடியில் வந்து உட்கார மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பையில் கனமான புத்தகங்கள் இருந்தன. இரண்டு பக்கம் படித்தால் கொட்டாவி வரும். சாயங்காலம் வீடு திரும்பினால் அப்பா, இன்னிக்கு வேலை ஜாஸ்தியா என்று கேட்பார். ஆமாம்ப்பா என்பேன். யோசிக்கவும் கற்கவும் எடுத்த லீவில் நான் கற்றது அந்த ஒரு வார்த்தைதான்.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம் என் பெஞ்சை நோக்கி ஒருவன் தோளில் பையோடு வந்தான். எங்கள் மையத்து இளைஞன். சான்பாடாவில் ஒரு கம்பெனியில் இருந்தான். வேலை போய்ச் சில மாதமாகியும் வீட்டில் சொல்லாமல் தினமும் டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

எங்கள் மையத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சொல்லப் பயப்படுகிற விஷயத்தை முதலில் எங்களிடம் சொல்லிப் பழக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வேன். எப்போதும் நான்தான் அப்பா. கையைக் கட்டிக்கொண்டு முறைப்பேன், எதிரே நிற்கிறவன் சொல்ல வேண்டும். இவனையும் அப்படிப் பலமுறை நிறுத்தினேன். என்னிடம் நன்றாகத்தான் சொன்னான், வீட்டில் மட்டும் சொல்லவில்லை. லீவில் கிளம்புவதற்கு முன் எரிச்சலோடு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டை ஏமாற்றிச் சாப்பிடுகிற சோறு உனக்குத் தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று கேட்டிருந்தேன்.

இப்போது அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் டப்பாவைப் பார்த்தான்.

“சார், நீங்களும் வேலைக்குப் போறதாச் சொல்லிட்டா வந்திருக்கிய?”

என் லீவு வேறு என்று விளக்கினேன். வேலை போகவில்லை, சம்பளம் வருகிறது, இது சிந்தனைக்கான காலம் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் வீட்டில் சொல்ல என்ன கஷ்டம் என்றான். நான் டப்பாவைத் திறந்தேன். அவன் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. எனக்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டான். எனக்குத் தயிர் சாதம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நான் அப்பாவா இருக்கேன் சார். நீங்க சொல்லுங்க.”

கையைக் கட்டிக்கொண்டு முறைத்தான். அது என் முறைப்பு, அச்சு அசலாக. நான் எழுந்து அவன் எதிரே நின்றேன். ‘அப்பா’ என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. காது சுட்டது. அவன் சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றான். அதுவும் நான் சொல்கிற வசனம்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவரவர் வீட்டில் சொல்லிவிடுவது என்று பேசிக்கொண்டோம். திங்கட்கிழமை அவன் வெறுங்கையோடு வந்தான். அவன் அப்பா தட்டைத் தூக்கி எறிந்தாராம். சித்தப்பா வந்து கத்தியதில் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா பேசுவதில்லை.

“ஆனா ராத்திரி ஒறக்கம் வந்துச்சு சார். நீங்க சொல்லிட்டியளா?”

நான் சொல்லியிருக்கவில்லை. ஞாயிறு முழுக்க டிவி பார்த்திருந்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய், அப்பாவின் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லீவு, தோட்டம், தினமும் சொன்ன பொய், எல்லாம். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. காலம்பற எப்பவும்போல டப்பாவ எடுத்துண்டு கெளம்பு. பில்டிங்ல கேட்டா நான் என்ன சொல்றது?”

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அவன் தோட்டத்தில் காத்திருந்தான். சொல்லிவிட்டேன் என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தான். அப்பா சொன்னதைச் சொன்னேன்.

“ஒங்கப்பா நல்லவரு சார்,” என்றான். அதில் கிண்டல் துளியும் இல்லை.

டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் திரும்பினேன். செம்பூரில் எங்கள் வாசலில் அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், அவர் காதிலும் விழும்படி, இன்னிக்கு வேலை ஜாஸ்தியா என்று கேட்டார்.

ஆமாம்ப்பா என்றேன்.