தூணில் ஏறிய பெயர்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு முகப்பில் இரண்டு கருங்கல் தூண், ஆள் உயரத்தைத் தாண்டிய தேக்குக் கதவு, சுண்ணாம்புச் சுவரில் மயிலோ யாளியோ. கதவு எண்ணை யாரும் சொல்வதில்லை. முன்சீப் வீடு, டாக்டர் வீடு, வக்கீல் வீடு என்றுதான் அடையாளம். முன்சீப்பும் டாக்டரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஜவுளி வியாபாரம் செய்த பாய் ஒருவர் டாக்டர் வீட்டை விலைக்கு வாங்கி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார். அப்போதும் அது டாக்டர் வீடுதான். எங்களுடையது வக்கீல் வீடு. கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறகு எங்களில் யாரும் சட்டம் படிக்கவில்லை, வாய்ச்சண்டைக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கேமராவோடு கூட்டம் வரும். பெரியப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, இந்தத் தெருவையே தான் கட்டியதுபோல் கன்னடத்தில் விளக்குவார். ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, இப்போது இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டாள். அண்ணன் தம்பி நாங்கள் இருவர்தான் என்றார் பெரியப்பா. அவர்களுக்குக் காபி நீட்டிக்கொண்டு அங்கேயேதான் நின்றாள் அத்தை.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. புருஷன் வீட்டில் பட்டது போதுமென்று ஒற்றைப் பெட்டியோடு வந்துவிட்டவள். ஓசூர்க் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வந்து வருஷங்கள் ஆகியும், "எப்பம்மா ஊருக்குக் கெளம்பற?" என்று தெரு அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே பிறந்தவள் எந்த ஊருக்குக் கிளம்புவாள்?

அடுத்த ஞாயிறு பர்கூரிலிருந்து ஒரு கருப்புக் கிரானைட் பலகை வந்தது. அதில் அத்தையின் பெயர். முன்னாலோ பின்னாலோ எந்த ஆம்பளை பெயரும் கிடையாது. இடதுபக்கத் தூணில் கொள்ளுத்தாத்தாவின் பலகை இருந்தது. வலதுபக்கத் தூணில் வைக்க, டிரில் மெஷினோடு தானே ஸ்டூலில் ஏறிவிட்டாள்.

பெரியப்பா ஓடிவந்து தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நூறு வருசத்துத் தூணு! ஓட்டை போட்டா விரிசல் உடும்!"

"உன் ஏசிக்குச் செவுத்தையே பொளந்தியேண்ணா, அப்ப வூடு அழுதுச்சா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்சீப் வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "கட்டிக் குடுத்த பொண்ணு பேரைப் பொறந்த வூட்டு வாசல்ல ஏத்தற வழக்கம் நம்ம தெருவுல கெடையாதும்மா."

"இந்த வூட்டுலதானே மாமா எனக்குப் பேரு வெச்சீங்க? வெச்ச பேரை எழுதுனா என்ன தப்பு?"

பெரியப்பா நேராக உள்ளே போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். டிரில் நின்றது. தெருவுக்கு ஒரே சிரிப்பு. அப்பா மட்டும் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இந்த உலகத்திலேயே இல்லாதவர்போல் உட்கார்ந்திருந்தார். போயும் போயும் இவருக்கா மகளாகப் பிறந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது எதிர்வீட்டு பாய் ஒயர் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். "நம்ம வூட்டுக் கரண்டுல போடு தங்கச்சி. இருவது வருசமா நானுந்தான் டாக்டர் வூட்டுல குடியிருக்கேன்" என்றார்.

டிரில் மறுபடி அலறியது. தூணில் விரிசல் விடவில்லை. பலகை ஏறியது. அத்தை திருகாணியை இறுக்கிவிட்டு, "போய்க் காபி குடிங்க எல்லாரும்" என்றாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. எனக்கு விசிலடிக்கத் தெரியாது. அதனால் தொண்டை கிழியக் கத்தினேன்.

கிட்டே போய்ப் பார்த்தபோதுதான், பெயருக்குக் கீழே பலகையில் பாதி வெறுமையாக இருப்பது தெரிந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு இந்த வூட்டுப் பொண்ணு இன்னொருத்தி இப்பிடித் திரும்பி வந்தான்னா, அவ பேருக்கும் எடம் வேணுமில்ல?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப அது எனக்குத்தான் அத்தை! நானும் உன்ன மாதிரியே திரும்பி வந்துடுவேன்!"

அத்தை சட்டென்று குனிந்து, கல்தூள் அப்பிய கையால் என் வாயை இறுகப் பொத்தினாள். "சொல்லாத. அப்பிடிச் சொல்லாதடி கண்ணு." அண்ணனுக்கும் தெருவுக்கும் பயப்படாதவள் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சுக்கு ஏன் அப்படிப் பயந்துபோனாள் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.